வீட்டு விலை: ஊருக்கே ஒரு கணக்கா, இடத்துக்கு ஒரு கணக்கா?

நடந்த விற்பனைகளை வைத்து, எது வீட்டு விலையை எவ்வளவு கூட்டுகிறது என்று கணிக்கும் முறைதான் ரிக்ரெஷன். சாதாரண ரிக்ரெஷன் சென்னை முழுவதற்கும் ஒரே விடை தரும்: நிலமட்டம் ஓர் அடி உயர்ந்தால் சதுர அடிக்கு இவ்வளவு கூடும் என்று. எளிது, சில நூறு விற்பனைகள் இருந்தாலே செய்துவிடலாம். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த வேளச்சேரியில் வீடு வாங்குபவர், வாசல்படி ரோட்டைவிட எத்தனை படி மேலே என்று எண்ணிப் பார்ப்பார். மேடான பரங்கிமலைப் பக்கம் அதை யார் கேட்கிறார்கள்?

1996-இல் பிரன்ஸ்டன், ஃபாதரிங்ஹாம், சார்ல்டன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் முன்வைத்த புவிசார் எடையிட்ட ரிக்ரெஷன் இங்கேதான் கைகொடுக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கணக்கு; பக்கத்து விற்பனைக்கு எடை அதிகம், தூரத்து விற்பனைக்குக் குறைவு. நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் விற்பனை குறைவான புறநகரில் இதன் விடை தள்ளாடும், அங்கே பழைய முறையே மேல். அப்புறம், பத்திரத்தில் உண்மை விலைக்குப் பதில் அரசு குறித்த வழிகாட்டி மதிப்பையே எழுதியிருந்தால் இரண்டுமே தவறும்.