மேடிசனுக்குக் கோடையில் போவதா, இலையுதிர்காலத்தில் போவதா?

மேடிசனுக்கு இதுவரை நான்கு முறை போயிருக்கிறோம். ஆகஸ்டில் ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை, அக்டோபரில் இரண்டு முறை. சிகாகோவிலிருந்து காரில் சுமார் இரண்டரை மணி நேரம். விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான இந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி கிட்டத்தட்ட 2.7 லட்சம் பேர். மென்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில்தான் ஊரின் மையமே இருக்கிறது.

கோடையின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: படகு, நீச்சல், இரவு எட்டு மணி தாண்டியும் வெளிச்சம். ஆனால் ஏரியை நம்பிப் போகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். சுற்றியுள்ள பண்ணைகளின் எருவிலிருந்தும் உரத்திலிருந்தும் பாஸ்பரஸ் ஏரியில் சேர்கிறது. தண்ணீர் சூடாகும்போது நீலப்பச்சைப் பாசி பெருகிவிடும். நாங்கள் போன ஆகஸ்டில் கரையோரத் தண்ணீர் பச்சை பெயிண்டைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. குளிக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். நீச்சல் உடை போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் அப்படியே திரும்பினார்கள்.

பனிக்காலத்தைப் பற்றி எனக்கு ஒரு நாள் அனுபவம்தான். உறைந்த மென்டோட்டாவின் மேல் நடந்தோம். பனிக்கட்டியில் துளை போட்டுச் சிலர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அரை நாளுக்கு மேல் குளிர் தாங்காமல் மாநில ஆளுநர் அலுவலகமும் சட்டமன்றமும் உள்ள கேபிடல் கட்டடத்துக்குள் ஒதுங்கினோம். 1917-இல் கட்டி முடித்த கட்டடம், சுற்றிக் காட்ட காசு வாங்குவதில்லை. நல்ல பூட்ஸும் பனியில் பழக்கமும் உள்ளவர்களுக்கு இந்தப் பருவம் இன்னும் அதிகம் தரலாம்.

என் ஓட்டு அக்டோபருக்குத்தான். அந்த மாத நடுவில் மரங்கள் நன்றாகச் சிவந்துவிடுகின்றன. ஏரிக்குள் நீண்டு போகும் பிக்னிக் பாயின்ட் பாதையில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவே கைத்தாங்கல் இல்லாமல் முனை வரை நடந்தார். இங்குள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஏரிக்கரைத் திண்ணையில் மஞ்சள், பச்சை, ஆரஞ்சு இரும்பு நாற்காலிகள் அப்போதும் இருக்கும். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் சூரியன் ஏரியில் இறங்குவதைப் பார்க்க ஒரு ஸ்வெட்டர் போதும்.

சனிக்கிழமை காலையில் கேபிடலைச் சுற்றி உழவர் சந்தை. 1972-இல் தொடங்கியது. விளைவித்தவர்களே நின்று விற்க வேண்டும் என்பது அங்கே விதி. கூட்டம் முழுவதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடக்கும்; நாமும் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். அம்மா ஒரு பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து, "என்ன விலைப்பா?" என்று தமிழிலேயே கேட்டார். கடைக்காரர் விரல்களைக் காட்டி விலை சொன்னார். அன்று காலை செய்த சீஸ் கர்டை, அதாவது அழுத்திக் கட்டியாக்காத புதுச் சீஸ் துண்டை, கடித்தால் பல்லுக்கிடையில் கீச்சென்று சத்தம் வரும். அது புதிது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆனால் அக்டோபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு வேலையை முதலில் செய்ய வேண்டும். பல்கலைக்கழக அணியின் அமெரிக்க ஃபுட்பால் அட்டவணையைப் பாருங்கள். அப்புறம்தான் அறை. கேம்ப் ராண்டல் மைதானத்தில் 75,000 பேருக்கு மேல் உட்காரலாம். உள்ளூர் ஆட்டம் உள்ள சனிக்கிழமை அந்தக் கூட்டம் முழுவதும் இந்தச் சின்ன ஊருக்குள் வரும். முதல் அக்டோபரில் இது தெரியாமல் போனோம். கேட்ட விடுதியில் வழக்கத்தைப்போல மூன்று மடங்கு வாடகை, அதுவும் இரண்டு இரவு கட்டாயம் என்றார்கள். வேறு வழியில்லாமல் ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் தங்கினோம். மறுநாள் வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போனது. அடுத்த முறை அணி வெளியூரில் ஆடும் வாரம் பார்த்துப் போனோம். அதே விடுதி, சாதாரண வாடகை, சந்தைக்கு நடந்தே போகும் தூரம்.

ஆட்டத் தேதிகள் வெகு முன்பே வந்துவிடும். தொடங்கும் நேரம் மட்டும் பல ஆட்டங்களுக்கு ஓரிரு வாரம் முன்புதான் தெரியும். பகல் 11 மணி ஆட்டமாக இருந்தால் காலைச் சந்தையும் நெரிசலில் மாட்டும். அதனால் நேரத்தை நம்பித் திட்டம் போடாமல், உள்ளூர் ஆட்டம் உள்ள வாரத்தையே தவிர்த்துவிடுங்கள். நவம்பருக்குத் தள்ளிப்போடவும் வேண்டாம். அம்மாதம் பாதியிலேயே இந்தத் திறந்தவெளி உழவர் சந்தை முடிந்துவிடும்.