சேலத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை: நம்பிக்கை மையம் எப்படி?

சேலத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இரண்டு வழி உண்டு. தனியார் லேப்பில் காசு கட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ரிப்போர்ட்டைக் கவரில் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். அங்கே ஒரு பைசா வாங்கமாட்டார்கள். நாங்கள் கைகாட்டுவது நம்பிக்கை மையத்தைத்தான். காரணம் இலவசம் என்பது அல்ல. ரத்தம் எடுப்பதற்கு முன்பும் முடிவு வந்த பின்பும் ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறாரே, அந்த நேரம். நோய் பரப்பிய குற்றம் பற்றிப் பேச்சு வரும் நாளில், உங்கள் பொறுப்பும் பாதுகாப்பும் அந்தப் பேச்சிலிருந்துதான் கணக்காகும்.

பெயர், வயது பதிந்ததும் அடையாள எண் ஒன்று கொடுப்பார்கள். அடுத்தது ஆலோசனை, அதன்பின் உங்கள் சம்மதம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அதன் 5ஆம் பிரிவுப்படி விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் பரிசோதிக்கக் கூடாது.

பரிசோதனை கிட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சொட்டு ரத்தம் விட்டதும் ஈரம் பட்டையில் மெல்ல ஏறும். கட்டுப்பாட்டுக் கோடு கட்டாயம் தெரிய வேண்டும். அது வரவில்லையென்றால் அந்த கிட் செல்லாது, வேறொன்றில் திரும்பச் செய்ய வேண்டும். குறித்த நேரம் தாண்டிக் கிடந்த கிட்டைப் பார்த்தால் இல்லாத கோடு இருப்பதுபோலத் தெரியலாம். முதல் கிட்டில் கோடு வந்துவிட்டால் உடனே 'பாசிட்டிவ்' என்று சொல்லமாட்டார்கள். வேறுபட்ட இன்னும் இரண்டு கிட்டுகளிலும் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் உறுதி. ஒரே கிட்டை வைத்து எழுதிய ரிப்போர்ட்டோடு யாராவது அழுதுகொண்டு வந்தால், முதலில் அவரை இங்கே அழைத்துவாருங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு அவசரம். போன வாரம் நடந்ததற்கு இந்த வாரம் பரிசோதித்து 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி இருக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

இனி சட்டம். மையத்தில் நாங்கள் காணும் குறையும் இதில்தான். நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதை மையங்களில் பொறுமையாகச் சொல்கிறார்கள். சட்டத்தைப் பற்றிக் கேட்டால் பொதுவாக இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. அதனால் நீங்களே கேளுங்கள்.

எச்.ஐ.வி.யைப் பரப்பியதற்கென்று தனிக் குற்றப் பிரிவு நம் நாட்டில் இல்லை. உயிருக்கு ஆபத்தான எந்தத் தொற்றுக்கும் பொருந்தும் இரண்டு பிரிவுகள்தான் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 269, 270 என்று இருந்தவை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 271, 272 ஆகியிருக்கின்றன. கவனக்குறைவாக நடந்தால் 271, ஆறு மாதம் வரை சிறை. தீய எண்ணத்தோடு செய்தால் 272, இரண்டு ஆண்டு வரை. அபராதமும் உண்டு. தொற்று உண்மையில் பரவியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பரவக்கூடிய செயலாக இருந்தாலே போதும். இரண்டும் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். கொலை முயற்சி வழக்கு பாயும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படித் தரப்பட்ட ஒரு தண்டனையை டெல்லி உயர்நீதிமன்றம் 2020இல் ரத்து செய்தது.

2017 சட்டத்தின் 10ஆம் பிரிவு இன்னும் நெருக்கமானது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஆலோசனை பெற்றவரோ நோய் பற்றி அறிந்தவரோ பிறருக்குப் பரவாமல் நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஆணுறை போன்ற ஆபத்தைக் குறைக்கும் வழிகள் அதில் அடங்கும். உறவுக்கு முன்பே சொல்லிவிடுவதும் அடங்கும். சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்று நியாயமாகப் பயப்படும் பெண்ணுக்கு இந்தக் கடமை இல்லை. இதைப் பெண்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான கோரிக்கை.

'என் வீட்டில் சொல்லிவிடுவீர்களா?' என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 9ஆம் பிரிவுப்படி துணைக்கு மட்டும்தான் சொல்லலாம். அதுவும் துணைக்குக் கணிசமான ஆபத்து இருந்து, நீங்களே சொல்லும்படி ஆலோசனை தந்தும் சொல்லமாட்டீர்கள் என்று உறுதியாகி, சொல்லப்போவதை உங்களிடம் தெரிவித்த பிறகு, நேரில், ஆலோசனையோடு. அப்பா அம்மாவுக்கோ, சங்ககிரி லாரி முதலாளிக்கோ, ஏற்காடு எஸ்டேட் கங்காணிக்கோ சொல்ல இந்தப் பிரிவில் இடமில்லை.

முடிவு 'பாசிட்டிவ்' என்றால், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் தினம் ஒரே மாத்திரை, அதுவும் இலவசம். அங்கே தரும் பச்சைப் புத்தகத்தைத் தொலைக்காதீர்கள். வைரஸ் அளவு பரிசோதனைச் சீட்டை நகலெடுத்து வையுங்கள். ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் 200 பிரதிக்குக் கீழே இருந்து, மாத்திரையும் விடாமல் எடுப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. யாராவது புகார் கொடுத்தால், தீய எண்ணம் இல்லை என்பதற்கு அந்தப் புத்தகத்தையும் சீட்டையும்விட நல்ல சாட்சி கிடையாது. வழக்கு என்று வந்தால் 15100 என்ற தொலைபேசி எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். 2017 சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி பெயரை மறைத்து விசாரிக்க நீதிமன்றத்தைக் கோரலாம். நோய் பற்றிய சந்தேகங்களுக்கு 1097.

ஐந்துக்கு நான்கு கொடுப்போம். குறைத்த ஒன்று சட்ட விளக்கத்துக்கு.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் மையம் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். பாலியல் வன்முறைக்குப் பிறகும் பிறருக்குப் பயன்படுத்திய ஊசி தவறிக் குத்திய பிறகும் தரும் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே, தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரவே நேரம் பிடிக்கும். ராத்திரியானாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டியது தனியார் மருத்துவமனைக்கும் சட்டக் கடமை.