'துமிழ்' ஆன தமிழ்: பொதுக் கணினியில் பவர்பொயின்டோடு மூன்று வருடம்

வெள்ளவத்தையில் நான் பார்த்துக்கொள்ளும் ரியூஷன் நிலையத்தில் ஒரு கணினி, ஒரு புரொஜெக்டர், பதினொரு ஆசிரியர்கள். எல்லாருக்கும் ஒரே பயனர் கணக்கு. ஒருவர் எதையாவது மாற்றிவிட்டுப் போனால் அடுத்தவர் தலையில்தான் விடியும்.

முதல் தலைவலி, அடிப்பதைத் தானாகத் திருத்தும் ஆட்டோகரெக்ட். தமிழ் சேர் இன்னும் பாமினியில்தான் அடிப்பார்; ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய எழுத்துரு அது. பாமினியில் ஜே விசை 'த'. ஷிஃப்டோடு அடித்தால் 'து'. வசனத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் தெரிவை ஆங்கில மிஸ் போட்டுவிட்டுப் போனால், சேரின் 'தமிழ்' தலைப்பு 'துமிழ்' ஆகிவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள், திட்டு எனக்கு விழும்.

அடுத்தது மொனிட்டர் தெரிவு, அதாவது ஸ்லைட் எந்தத் திரையில் வரவேண்டும் என்பது. யாரோ அதை மாற்றியிருந்ததால் ஒருநாள் ஸ்லைட் மேசைத் திரையிலும், ஆசிரியர் மட்டும் நோட்ஸோடு பார்க்கவேண்டிய பிரசென்டர் வியூ சுவரிலும் வந்தது. விஞ்ஞான மிஸ் நோட்ஸில் எழுதி வைத்திருந்த விடைகள் முழு வகுப்புக்கும் தரிசனம்!

இந்தத் தெரிவு ஸ்லைட் கோப்பில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி), அந்தப் பயனர் கணக்கின் கீழ் இருக்கிறது. சொந்த பென் டிரைவில் கோப்பு கொண்டுவந்தாலும் தப்ப முடியாது.

'அமைப்புகளை மாற்றாதீர்கள்' என்று ஒட்டிய தாள் இரண்டு கிழமை தாங்கியது. எங்களிடம் இருப்பது விண்டோஸ் ஹோம். அமைப்புகளைப் பூட்டிவைக்க உதவும் குரூப் பொலிசி எடிட்டர் அதில் கிடையாது. ரீஸ்டார்ட் செய்தால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மென்பொருள் ஒன்றும் போட்டுப் பார்த்தேன். 2022 மின்வெட்டுக் காலம் அது. டெஸ்க்டொப்பில் சேமித்த ஒன்றரை மணிநேர வேலை கரண்டோடு போனபிறகு, அதைக் கழற்றச் சொல்லி எல்லாரும் ஒரே குரலில் நின்றார்கள். நியாயம்தான்.

இப்போது இருப்பது எளிய ஏற்பாடு. ஆசிரியர்களின் கணக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு. ஒபிஸ் தெரிவுகள் இருக்கும், எனக்கு வேண்டிய பகுதிகளைப் பதிவேட்டிலிருந்து ஏற்றுமதி செய்து, லொகின் ஆகும்போதெல்லாம் திரும்ப இறக்கும் ஒரு பாட்ச் கோப்பை (கட்டளைகளைத் தானாக ஓட்டும் சிறு கோப்பு) எல்லாப் பயனருக்கும் பொதுவான ஸ்டார்ட்அப் கோப்புறையில் வைத்தேன். அந்தக் கோப்புறையில் ஆசிரியர்கள் கைவைக்க முடியாது. வகுப்பு நேரத்தில் அவர்கள் எதையும் மாற்றலாம், அடுத்த லொகினில் பழையபடி வந்துவிடும். ஒபிஸ் 2016, 2019, 2021 எல்லாமே பதிவேட்டில் '16.0' என்ற ஒரே பெயரில் இருப்பதால், ஒபிஸ் புதுப்பித்த பிறகும் கோப்பைத் தொடவேண்டி வரவில்லை.

இதில் நான் சறுக்கிய இடம் ஒன்று: இறக்குமதி, கோப்பில் இருக்கும் பெறுமதியை மட்டும்தான் திருத்தும், புதிதாகச் சேர்ந்ததை அழிக்காது. கைபடாத தெரிவு பலநேரம் பதிவேட்டிலேயே இருக்காது. அதனால் ஒவ்வொரு தெரிவையும் ஒருமுறை மாற்றித் திரும்ப வைத்துவிட்டுத்தான் ஏற்றுமதி செய்யவேண்டும். இது பிடிபட எனக்கு நாலு மாதம் போனது.

லொக்அவுட் செய்யாமல் ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போகிறவர்களிடம் இந்த வித்தை பலிக்காது. பவர்பொயின்ட் திறந்திருக்கும்போது கோப்பை ஓடவிட்டும் பயனில்லை. மூடும்போது பவர்பொயின்ட் தன்னிடம் உள்ள தெரிவுகளை மறுபடி எழுதிவிடும்.

முதலெழுத்துத் தெரிவை நிரந்தரமாக எடுத்துவிட்டேன். தமிழ் சேர் ஒரு பெட்டி லட்டு வாங்கித் தந்தார். ஆங்கில மிஸ் மட்டும், ஷிஃப்ட் அழுத்தி அழுத்தி விரல் நோகிறதாம், இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.