கிளாஸ்டன்பரி 2025: பசுக்கள் திரும்பி வரவேண்டிய மண்ணில் ஐந்து நாள்

ஒருவருக்கு 373 பவுண்டு 50 பென்ஸ், முன்பதிவுக் கட்டணம் மேலும் 5 பவுண்டு என்று பணம் கட்டி ஓர் இசைவிழாவுக்குப் போகிறவர்கள், கொடுத்த பணத்துக்கு யார் யாரைக் கேட்டோம் என்றுதான் பெரும்பாலும் கணக்குப் பார்ப்பார்கள். இந்த மதிப்புரையில் நான் பார்க்கப்போவது வேறு கணக்கு. 2025 ஜூன் 25 முதல் 29 வரை நடந்த கிளாஸ்டன்பரி விழாவுக்குப் பிரிஸ்டலிலிருந்து கல்லூரியில் படிக்கும் மகளோடு போய்த் திரும்பினேன். இரண்டு லட்சம் பேர் ஒரே இடத்தில் ஐந்து நாள் தங்கி, உண்டு, குளித்து, குப்பை போடும் ஒரு விழா, அது நடக்கும் மண்ணையும் அதன் ஓரம் ஓடும் நீரையும் எந்த அளவுக்குக் காப்பாற்றுகிறது, அதில் நடத்துபவர்களின் பங்கு எவ்வளவு, வருபவர்களின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இசையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்.

விழா நடப்பது கிளாஸ்டன்பரி ஊரில் அன்று; இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் பில்டன் என்ற சிற்றூரை ஒட்டிய வொர்த்தி பண்ணையில். அது பெயரளவில் மட்டும் பண்ணையாக இருக்கும் இடமில்லை, இன்றும் பால் கறக்கும் பண்ணை. 1970 செப்டம்பரில் அதன் உரிமையாளர் மைக்கேல் ஈவிஸ் முதல் விழாவை நடத்தியபோது நுழைவுச்சீட்டு ஒரு பவுண்டு. வந்தவர்கள் சுமார் 1,500 பேர். அவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம். விழா முடிந்து மேடைகளைப் பிரித்தபின் அதே புல்வெளிக்குப் பசுக்கள் மேயத் திரும்ப வேண்டும். நகரத்து மைதானத்தில் நடக்கும் விழாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே மண்ணில் விட்டுவந்த ஒரு கம்பித்துண்டு யாரோ ஒருவருடைய பசுவின் வயிற்றுக்குள் போகும். சுற்றுச்சூழல் என்ற பெரிய சொல் இங்கே அவ்வளவு கண்கூடான பொருளைப் பெற்றுவிடுகிறது.

முதலில் குடிநீரைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விழா மிகத் தெளிவாக வெற்றி பெற்ற இடம் அதுதான். 2017ஆம் ஆண்டு விழாவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் பாட்டில்கள் பயன்பட்டன. 2018இல் நிலத்துக்கு ஓய்வு கொடுத்து விழா நடத்தாமல் விட்டவர்கள், 2019இல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பாட்டில்களில் பானம் விற்பதை விழா வளாகம் முழுவதும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதோடு விடாமல் அதற்கு மாற்றாகத் திரும்பிய பக்கமெல்லாம் குழாய்களையும், வாட்டர்எயிட் என்ற தொண்டு நிறுவனத்தின் தொண்டர்கள் நின்று நீர் பிடித்துக் கொடுக்கும் நிலையங்களையும் வைத்தார்கள். நாங்கள் இருந்த நாட்களில் நல்ல வெயில். வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் நின்ற குழாய் வரிசை நீளமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள் என் முறை வந்துவிட்டது. பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டும் என்ற எண்ணமே ஐந்து நாளில் ஒருமுறைகூட வரவில்லை. எதைத் தடுத்தாலும், அதைவிட எளிதான ஒன்றை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் தடுத்தால் மக்கள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். விழா நடத்த நினைக்கும் எவரும், அது ஊர்க் கோயில் திடலில் நடக்கும் கச்சேரியாக இருந்தாலும், இந்த ஒன்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

உணவுக் கடைகளில் தட்டும் கரண்டியும் மரத்தாலோ மக்கும் அட்டையாலோ ஆனவை. குடிக்கும் குவளை விஷயத்தில் எனக்கு அந்த அளவு நிறைவு இல்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு எஃகுக் குவளை கொடுத்து, திருப்பித் தரும்போது பணத்தைத் தரும் முறையை 2016இலேயே இங்கே தொடங்கினார்கள். அது இன்றைக்குள் எல்லாக் கடைகளுக்கும் பரவியிருக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. காகிதக் குவளை நல்லதுபோலத் தோன்றினாலும், ஈரம் ஊறாமலிருக்க அதன் உட்புறத்தில் பூசும் மெல்லிய படலத்தால் அதை மறுசுழற்சி செய்வது கடினம். நாங்கள் வீட்டிலிருந்தே இரண்டு எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோயிருந்தோம். தேநீர்க் கடையில் அதை நீட்டினால் மறுபேச்சின்றி ஊற்றிக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் அலமாரி நிறையக் கிடக்கும் பொருள் இது. போகிறவர்கள் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அது வருபவரின் கண்ணில் படுவதில்லை. 2023 முதல் விழாவின் மின்தேவை முழுவதும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாலும் அத்தகைய எரிபொருளாலும் நிறைவேறுகிறது. ஜெனரேட்டர்கள் டீசலை விட்டுவிட்டு, பயன்படுத்திக் கழித்த சமையல் எண்ணெயிலிருந்து எடுக்கும் எரிபொருளில் ஓடுகின்றன. மாட்டுக்கொட்டகைக் கூரை மேல் சூரியத் தகடுகள் இருக்கின்றன. மேடைக்குப் பின்னால் நின்றபோது டீசல் புகையின் நாற்றம் மூக்கில் ஏறவில்லை என்பது மட்டுமே எனக்குத் தெரிந்த வேறுபாடு.

கழிப்பறையைப் பற்றி விரிவாக எழுதுவதற்கு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இரண்டு லட்சம் பேர் கூடும் இடத்தில் அதுதான் முதன்மையான சுற்றுச்சூழல் பிரச்சினை. இங்கே இரு வகைக் கழிப்பறைகள் அதிகம். ஒன்று, ஆழமான தொட்டிக்கு மேல் கட்டிய திறந்த கழிப்பறை. விழாவின் பழைய அடையாளங்களில் ஒன்று. மற்றொன்று எரு ஆகும் கழிப்பறை. இரண்டாவதில் தண்ணீரும் இல்லை, ரசாயன நீலத் திரவமும் இல்லை. கதவைத் திறந்தவுடன் மூலையில் மரத்தூள் நிறைந்த பெட்டியும் ஒரு கோப்பையும் இருக்கும். வேலை முடிந்தபின் ஒரு கோப்பைத் தூளை அள்ளிப் போட்டுவிட்டு வர வேண்டும். தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, காற்றோட்டம் கொடுக்கிறது, நாற்றத்தை அடக்குகிறது. முதல் நாள் காலை என் மகள் வெளியிலிருந்தே, “அம்மா, மரத்தூள் போட மறந்துடாதீங்க” என்று குரல் கொடுத்தாள். பக்கத்து வரிசையில் நின்றவர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் செய்தி புரிந்திருக்கும். நான்காம் நாள் மாலையில்கூட அந்த அறைக்குள் இருந்த வாசனை தச்சுப் பட்டறையின் வாசனைதான். பல விழாக்களில் நான் கண்ட பிளாஸ்டிக் பெட்டிக் கழிப்பறைகளை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

ஆனால் கழிப்பறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதுவரை நடக்க மனமில்லாமல் வேலியோரம் ஒதுங்குபவர்கள் இருக்கிறார்கள். பண்ணையின் ஊடாக ஒயிட்லேக் என்ற சிற்றாறு ஓடுகிறது. 2019 விழாவின்போது பாங்கோர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஆற்றில் விழா இடத்துக்கு மேலேயும் கீழேயும் நீர் எடுத்துச் சோதித்தார்கள். கீழ்ப்பகுதியில் எம்டிஎம்ஏ, கொக்கெய்ன் ஆகிய போதைப்பொருட்கள் விலாங்கு மீன் உள்ளிட்ட நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு செய்யக்கூடிய அளவில் இருந்தன. மனித உடல் வழியாக மண்ணில் இறங்கி, மண்ணிலிருந்து ஆற்றில் இறங்கியவை அவை. அதற்கு முன்பு 2014இல் கழிவுநீர் கசிந்து இதே ஆற்றில் மீன்கள் செத்தன. 2016இல் நீதிமன்றம் விழா நிறுவனத்துக்கு அபராதம் விதித்தது. இதையெல்லாம் விழாவை விரும்பும் ஒருத்தியாகத்தான் எழுதுகிறேன். நிலத்தில் சிறுநீர் கழிக்காதீர்கள் என்று நிர்வாகம் ஆண்டுதோறும் வேண்டுகிறது. பலகைகள் நிறைய இருக்கின்றன. வேண்டுகோள் மட்டும் போதாது என்பது என் கருத்து. குழாய்களை எப்படித் திரும்பிய பக்கமெல்லாம் வைத்தார்களோ, அப்படியே ஆற்றோரத்திலும், நள்ளிரவுக்குப் பிறகு கூட்டம் சேரும் மூலைகளிலும் இன்னும் நெருக்கமாகக் கழிப்பறைகள் வேண்டும்.

அடுத்து கூடாரம். பிரித்தானியாவின் தனி இசைவிழா அமைப்பாளர்களின் சங்கம் 2019இல் கணக்கிட்டபடி, அந்நாட்டு விழாக்களில் ஆண்டுக்குச் சுமார் 2,50,000 கூடாரங்கள் அப்படியே கைவிடப்படுகின்றன. ஒரு சராசரிக் கூடாரத்தின் எடை மூன்றரைக் கிலோ, அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். நம்ப முடியாத எண்ணாகத் தோன்றினால், சில ஆண்டுகளுக்கு முன் நான் போன வேறொரு விழாவின் திங்கள்கிழமைக் காலையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கண்ணுக்கெட்டிய வரை நின்ற நிலையில் கூடாரங்கள், உள்ளே காற்று மெத்தைகள், நாற்காலிகள், பிரிக்காத ரொட்டிப் பொட்டலங்கள்; ஆட்கள் மட்டும் இல்லை. விட்டுப்போனதை யாராவது தொண்டு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்று பக்கத்துக் கூடாரத்துப் பையன் என்னிடம் முழு நம்பிக்கையோடு சொல்லிவிட்டுப் போனான். சேறும் உடைந்த கம்பியுமாகக் கிடப்பவற்றில் மிகச் சிலவே மீட்கப்படும், மீதியெல்லாம் குப்பைதான். கிளாஸ்டன்பரியில் 2019இல் 99.3 விழுக்காடு கூடாரங்கள் வீடு திரும்பின என்று மைக்கேலின் மகளும் விழாவை நடத்துபவருமான எமிலி ஈவிஸ் அறிவித்தார். நான் தங்கியிருந்த வயலில் கண்ட காட்சியும் அதற்கு ஒத்தே இருந்தது. இது தண்டனையால் வந்த பழக்கமில்லை. இது ஒருவருடைய பண்ணை என்ற உணர்வை விழா ஐந்து பத்தாண்டுகளாக வளர்த்ததன் பலன். வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: இருபது பவுண்டுக் கூடாரம் ஒரு காற்றுக்குக் கிழிந்துவிடும், கிழிந்ததைச் சுமந்து வர யாருக்கும் மனம் வராது. பத்து ஆண்டு உழைக்கும் ஒன்றை வாங்குங்கள், இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது பயணம். பிரித்தானிய விழாக்களைப் பற்றி 2015இல் வெளியான துறை அறிக்கையின்படி, ஒரு விழாவின் கார்பன் உமிழ்வில் ஏறத்தாழ 80 விழுக்காடு வருபவர்களின் பயணத்தால் உண்டாவது. மேடை விளக்குகளை எவ்வளவு சிக்கனமாக்கினாலும், மக்கள் காரில் வந்து இறங்கினால் சேமித்தது கரைந்துபோகும். இங்கே கிளாஸ்டன்பரி ஒரு நல்ல காரியம் செய்கிறது. பேருந்தோடு சேர்ந்த சீட்டுகளை முதலில் விற்கிறார்கள்: 2025 விழாவுக்கு 2024 நவம்பர் 14 வியாழக்கிழமை மாலை பேருந்துச் சீட்டு, ஞாயிறு காலை மற்றவை. சில நிமிடங்களில் தீர்ந்துபோகும் விழாவில் முந்திக்கொள்ளும் வாய்ப்பைவிடப் பெரிய சலுகை எதுவும் இருக்க முடியாது. எங்களுக்குக் கிடைத்ததும் அப்படித்தான். ரயிலில் வருபவர்களுக்குக் காசில் கேரி நிலையத்திலிருந்து இலவசப் பேருந்து உண்டு. அப்படியிருந்தும் வயல் வயலாகக் கார்கள் நின்றதைப் பார்த்தபோது மனம் கேட்கவில்லை.

இதை இன்னும் துணிவாகச் செய்ய முடியும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 25 அன்று மாசிவ் அட்டாக் என்ற இசைக்குழு பிரிஸ்டலின் கிளிஃப்டன் டவுனில் நடத்திய ஒருநாள் நிகழ்ச்சியில் ரசிகர்களுக்குக் கார் நிறுத்தமே ஒதுக்கவில்லை. உள்ளூர்வாசிகளுக்குச் சீட்டு முதலில் விற்றார்கள், இரவு வீடு திரும்பக் கூடுதல் ரயில்களை ஏற்பாடு செய்தார்கள், மேடை மின்கலங்களில் ஓடியது, விற்ற உணவெல்லாம் தாவர உணவு. கிராமத்துப் பண்ணையில் ஐந்து நாள் நடக்கும் விழாவுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்பது எனக்குப் புரிகிறது. கூடாரமும் குழந்தைகளுமாக வருபவர்களுக்குக் கார் தேவைப்படலாம். ஆனாலும் பேருந்துச் சீட்டின் பங்கைக் கூட்டிக்கொண்டே போகலாம், நான்கு பேர் நிறைந்து வரும் காருக்கும் ஒருவர் மட்டும் வரும் காருக்கும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு வைக்கலாம். நடத்துபவர் கையில் இருக்கும் வலுவான கருவி சீட்டு விற்பனைதான். பேருந்து விஷயத்தில் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் மேலும் ஓரடி வைக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

2026இல் விழா இல்லை. நிலம் மீண்டும் ஓய்வெடுக்கிறது. அடுத்த விழாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை உறுதியானது: போங்கள், பேருந்திலோ ரயிலிலோ போங்கள், டம்ளர் எடுத்துக்கொண்டு போங்கள். போகும்போது கூடார முளைகளை எண்ணிப் பையில் போடுங்கள்.

நாங்கள் எண்ணியிருந்தோம், பதினான்கு. திங்கள் காலை கூடாரத்தைச் சுருட்டியபோது பதின்மூன்றுதான் இருந்தது. விழா முடிந்தபின் வயல்களில் காந்தம் பொருத்திய வண்டியை இழுத்துச் சென்று, சிதறிய இரும்பையெல்லாம் பொறுக்குவார்கள் என்று நான் படித்திருந்ததால், பேருந்துக்கு நேரமாகிறதே என்று எழுந்துவிட்டேன். மகள் எழவில்லை. “அம்மா, நம்ம முளை அலுமினியம். காந்தம் இழுக்காது” என்றாள். மிதிபட்டுச் சாய்ந்த புல்லை இருவரும் முழந்தாளிட்டுக் கையால் தடவித் தேடினோம். கால் மணி நேரம் கழித்து, எங்கள் கூடாரம் நின்ற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, கொண்டைவரை மண்ணுக்குள் இறங்கியிருந்த பதினான்காவது முளை அவள் விரலில் தட்டுப்பட்டது.