மல்லி ரேட்டை மாத்துனது எவன்? ட்ரிக்கரா, ஆப் கோடா, வெர்ஷன் டேபிளா

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடைக்கு பில்லிங் எழுதிக் குடுத்துருந்தேன், மல்லி ரேட்டு வெள்ளன ஒண்ணு இருக்கும், முகூர்த்த நாள்னா பத்து மணிக்கு வேற ஒண்ணு. ஒரு நாள் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி வந்து "கிலோ 900-ன்னு சொல்லிட்டு சீட்டுல 700 போட்ருக்கீக"ன்னு சத்தம் போட, முதலாளி என்னையக் கூப்ட்டு "தம்பி, மாத்துனது எவன்?"னாரு. டேபிள்ல 700 மட்டுந்தான் இருக்கு, பழசு போயிருச்சு.

ஹிஸ்டரி இல்லாம இல்ல, ரேட்ட மாத்துற ஃபங்ஷன்லயே இன்னொரு இன்சர்ட் வச்சிருந்தேன். லாகின் பண்ணது யாருன்னு ஆப்புக்குத் தெரியும்ங்கிறதுதான் அதுல வசதி. ஆனா அதுல அந்த மாத்தமே இல்ல. கடைசில பிஎஸ்க்யூஎல்ல (டேட்டாபேஸுக்கு கையால கட்டளை அடிக்கிற எடம்) பழைய கட்டளையப் பாக்க மேல் அம்புக்குறிய அமுக்குனா அப்டேட் போட்டது நாந்தான், எந்த ரோவ மாத்தணும்னு சொல்ற வேர் (WHERE) பகுதில தேதிய விட்டுட்டேன்!

அதுக்கப்புறம் எங்க டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ல ஆஃப்டர் ட்ரிக்கர் வச்சேன், ரோ மாறுனதும் டேட்டாபேஸே தானா ஓட்டுற கோடு அது. ஆப்பு, கைவேலை, ஸ்கிரிப்ட்டு எது வழியா மாத்துனாலும் பழைய ரோ அப்டியே ஜேசன்பி-யா (ஜேசன போஸ்ட்கிரெஸ் சேமிக்கிற வடிவம்) ஹிஸ்டரி டேபிள்ல விழும், அதே ட்ரான்ஸாக்ஷன்ங்கிறதால ரோல்பேக் ஆனா (மாத்துனது ரத்தானா) ரெண்டும் சேந்தே போயிரும். டேபிள மொத்தமா காலி பண்ற ட்ரங்கேட் அடிச்சா மட்டும் ரோ ட்ரிக்கர் வாயே திறக்காது, அதுக்கு தனி ட்ரிக்கர் வேணும். மைஎஸ்க்யூஎல்காரங்க கவனிங்க, ஃபாரின் கீ கேஸ்கேட்ல (ஒரு ரோவ அழிச்சா அதச் சார்ந்த வேற டேபிள் ரோவும் தானா அழியுறது) டெலிட் ஆகுற ரோவுக்கு அங்க ட்ரிக்கர் ஓடாது.

எஸ்க்யூஎல் சர்வர் 2016-லயும் மரியாடிபி 10.3-லயும் டேபிளே பழைய வெர்ஷனையெல்லாம் வச்சுக்கும், பத்து மணிக்கு ரேட்டு என்னன்னு ஒரே க்வெரில கேக்கலாம், ட்ரிக்கர் எழுதுற பாடே இல்ல. ஆனா போஸ்ட்கிரெஸ்ல அது கையோட வராது, அதுபோக எப்பன்னு சொல்லுமே தவிர எவன்னு தானா சொல்லாது, முதலாளி கேட்டது எவன்னுதான்.

அந்த எவன்ல ட்ரிக்கரும் முதல்ல சறுக்குச்சு. ஆப்பு எல்லாருக்கும் ஒரே டேட்டாபேஸ் யூசர்லதான் கனெக்ட் ஆகுது, கரண்ட் யூசர்னு பாத்தா எல்லா ரோவுலயும் அதே பேரு. இப்ப ட்ரான்ஸாக்ஷன் ஆரம்பத்துல ஆப்பு செட் லோக்கல்ல (அந்த ட்ரான்ஸாக்ஷனுக்கு மட்டும் ஒரு மதிப்ப வச்சுக்கிற கட்டளை) ஆள் பேரப் போட்டுரும், ட்ரிக்கர் அத எடுத்துக்கும். பேரு வெறுமையா கெடந்தா எவனோ கையால தொட்டுருக்கான்னு அர்த்தம், எங்க கடைல அது அநேகமா நாந்தான்.