முழங்கால் வலிக்குச் சுக்கும் மஞ்சளும் முடக்கத்தானும்: தில்லியில் சில வருட அனுபவம்

மயூர் விஹாரில் டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) குடியிருப்பு, மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைச் சொன்னாலே போதும், மிச்சத்தை அவர்களே ஊகித்துக்கொள்வார்கள். ஐம்பது தாண்டியதும் வலது காலில்தான் முதலில் ஆரம்பித்தது. எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர், தேய்மானம் ஆரம்பக் கட்டம்தான், ஆபரேஷன் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஊரிலிருந்து வரும் போன் ஒவ்வொன்றிலும் ஒரு கைவைத்தியம். போதாததற்கு எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டி. சொன்னதில் முக்கால்வாசியைச் செய்து பார்த்துவிட்டேன். சில எங்கள் சமையலறையில் தங்கிவிட்டன, சில குப்பைக்குப் போய்விட்டன.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். மூட்டுவலி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் பல ஜாதி உண்டு. எனக்கு இருப்பது தேய்மானம். காலையில் எழுந்து கொஞ்ச நேரம் நடமாடினால் விறைப்பு விட்டுவிடும். என் நாத்தனாருக்கு இருப்பது முடக்குவாதம், டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்களே, அது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிற நோய். அவளுக்கு விரல்கள் மடங்கவே காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறாள். "அண்ணி, உங்க சுக்குக் கஷாயம் குடிச்சா இந்த மாத்திரைய விட்டுடலாமா?" என்று ஒருமுறை கேட்டாள். விடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அந்த நோயில் மருந்தை விட்டால் மூட்டு கோணிப்போகும், கோணியது நிமிராது.

மூன்றாவது, யூரிக் அமிலத்தால் வருகிற கவுட். கால் கட்டைவிரல் திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்காது. அதற்குக் கொடுக்கும் கால்ச்சிசின் என்ற மருந்து நம் செங்காந்தள் விதையிலும் இருக்கிறது, தமிழ்நாட்டில் இதற்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு யாரும் செங்காந்தள் கிழங்கில் கைவைக்க வேண்டாம். மாநில மலர்தான், ஆனால் கிழங்கு உயிரைப் பறிக்கும் விஷம்.

சரி, சுக்குக்கு வருகிறேன். இதுதான் என் வீட்டில் அதிக நாள் நிலைத்தது. பழைய தில்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லியில், ஃபதேபுரி மசூதிப் பக்கம் மூட்டை மூட்டையாகச் சுக்கு கிடைக்கும், ஸோண்ட் என்று கேட்க வேண்டும். சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுக்கைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அது வேண்டாம். மண்ணிறத்தில், தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, உடைத்தால் நார் தெரிகிற சுக்குதான் நல்லது. ஒரு சிறு துண்டைத் தட்டி, நாலைந்து மிளகு, ஒரு ஸ்பூன் மல்லி விதை சேர்த்து, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றும்வரை கொதிக்க விடுவேன். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி இருந்தால் சேர்ப்பது, இல்லாவிட்டால் வெறுமனே. பால் ஊற்றினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அப்புறம் அது டீ.

பலன் எப்படி? குடித்த அன்றே ஒன்றும் நடக்காது. சில வாரம் விடாமல் குடித்த பிறகு, குளிர்காலக் காலைகளில் கட்டிலிலிருந்து இறங்கும் அந்த முதல் சில அடி லேசானது. 2001-ல் அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 247 பேரிடம் இஞ்சிச் சாற்றைச் சோதித்தார்கள். நிற்கும்போது வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் இஞ்சி எடுத்தவர்களில் 63 சதவீதம், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 50 சதவீதம். அதாவது உண்மையிலேயே வேலை செய்கிறது, ஆனால் கொஞ்சம்தான். என் அனுபவமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதே ஆய்வில் இஞ்சி எடுத்தவர்களுக்குத்தான் வயிற்றுத் தொந்தரவும் அதிகம். எனக்கும் வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்செரிச்சல் வரும். ஆகவே டிபனுக்குப் பிறகுதான். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரைக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

மஞ்சளுக்கு வருவோம். தில்லியின் குளிர்காலத்தில் ஒரு நல்ல விஷயம், சப்ஜி மண்டியில், அதாவது காய்கறிச் சந்தையில், பச்சை மஞ்சள் கிடைப்பது. கச்சி ஹல்தி என்று குவித்து வைத்திருப்பார்கள். தோலைச் சுரண்டினால் விரல் நகமெல்லாம் ஆரஞ்சு நிறம், இரண்டு நாளைக்குப் போகாது. துருவிப் பாலில் கொதிக்கவைத்து, மிளகு தட்டிப் போட்டு ராத்திரி குடிப்பேன். மிளகு சும்மா வாசனைக்கு இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமினை உடம்பு சரியாக உறிஞ்சுவதில்லை. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் மனிதர்களில் 2000 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் காட்டினார்கள். நம் பாட்டிகள் பாலில் மிளகையும் மஞ்சளையும் சேர்த்தே போட்டதை நினைத்தால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூளில் 100 மில்லிகிராம் தேறினால் அதிகம். 2014-ல் தாய்லாந்தில் மஞ்சள் சாற்றையும் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையையும் ஒப்பிட்டு, முழங்கால் வலிக்கு இரண்டும் ஏறக்குறைய சமம் என்றார்கள். அங்கே கொடுத்தது நாளுக்கு 1500 மில்லிகிராம் செறிவூட்டிய சாறு, மஞ்சள் பால் இல்லை. ஆகவே ராத்திரிப் பாலைத் தூக்கம் வரவும் தொண்டைக்கு இதமாகவும் குடிக்கிறேன். முழங்காலுக்கும் ஏதாவது கிடைத்தால் லாபம். குர்குமின் மாத்திரையை நானாக வாங்கிப் போடவில்லை, கல்லீரல் பாதிப்பு அபூர்வமாக வருவதாகப் படித்ததால். தூளாக வாங்கும்போது கண்ணைப் பறிக்கிற மஞ்சள் நிறமும் வேண்டாம். ஈயக் குரோமேட் என்ற நச்சுச் சாயக் கலப்படம் வட இந்தியச் சந்தைகளில் புதிதல்ல, பளபளக்கும் விரலி மஞ்சளிலும் பூசுவார்கள்.

ரெடிமேட் மூலிகை டீ பாக்கெட்டுகள் பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஒரு பிராண்டு, பெயர் வேண்டாம், மூட்டுக்கு நல்லது என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். இனிப்பாக இருந்தது, சர்க்கரை இல்லாமலே. தினம் இரண்டு கப் குடித்துவந்தேன். கட்டுப்பாட்டில் இருந்த ரத்த அழுத்தம் ஏற ஆரம்பித்தது. புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்ட பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தால், எறும்பு எழுத்தில் முலேட்டி, அதாவது அதிமதுரம். அதிகம் போனால் அழுத்தத்தை ஏற்றி பொட்டாசியத்தைக் குறைக்கும் சரக்கு அது. நிறுத்தினேன், சில வாரத்தில் அழுத்தம் பழைய நிலைக்கு வந்தது. முன்பக்கத்தில் இஞ்சிப் படமும் துளசிப் படமும்தான்.

அதைவிட மோசம், பெயரில்லாத பொட்டலங்களில் விற்கும் வலி நிவாரணப் பொடி. ஒரே நாளில் வலி மாயமாய் மறைந்தால் சந்தேகப்பட வேண்டும். 2022-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்த மூட்டுவலி சப்ளிமெண்ட் ஒன்றில், அட்டையில் சொல்லாமலே டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் இருந்தன. அந்த மாதிரிப் பொடியைப் பல மாதம் சாப்பிட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

கிரீன் டீ எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கசப்புதான் மிச்சம்.

முடக்கத்தான் கீரைக்கு இங்கே கடை கிடையாது. ஊரிலிருந்து விதை கொண்டுவந்தேன். கறுப்பு உருண்டை, அதில் வெள்ளையாக ஓர் இதய வடிவப் பொட்டு, பார்க்கவே அழகு. மார்ச்சில் பால்கனித் தொட்டியில் போட்டால் மழைக்காலத்தில் கம்பியெல்லாம் பற்றி ஏறிவிடும், டிசம்பர் குளிரில் கருகிப்போகும். அதாவது வலி அதிகமாகும் நேரத்தில் கீரை இருக்காது! நிழலில் காயவைத்துப் பொடித்து வைத்துக்கொள்கிறேன். ஊறிய அரிசியோடு ஒரு பிடி பச்சை இலையை அரைத்துத் தோசை வார்த்தால் கரும்பச்சையாக, ஓரம் முறுகலாக வரும். லேசான கசப்பு, தேங்காய்ச் சட்னியில் மறைந்துவிடும். அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும், வாரத்துக்கு இரண்டு முறை எங்களுக்குப் போதும். முழங்காலுக்கு என்ன செய்தது என்று தனியாகப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. தோசை பிடித்திருக்கிறது, அதனால் தொடர்கிறது. பிரண்டைத் துவையலும் அப்படித்தான், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்க்காவிட்டால் தொண்டை அரித்து எடுத்துவிடும்.

குடிப்பதைவிட வெளியே செய்ததுதான் உடனடியாகத் தெரிந்தது. ஆண்ட்டியின் வைத்தியம்: கடுகெண்ணெயில் பூண்டுப் பல்லையும் ஓமத்தையும் போட்டு, பூண்டு கருகும்வரை காய்ச்சி வடிகட்டி, பொறுக்கும் சூட்டில் தடவுவது. "பேட்டா, மேலேர்ந்து கீழே இழுக்காதே, சுத்தி சுத்தித் தேய்" என்று அவரே என் வீட்டுக்கு வந்து செய்து காட்டினார். ரஜாய் (பஞ்சுப் போர்வை) உறையில் அந்த வாசனை சீசன் முழுக்க இருக்கும், என் கணவர் முனகுவார். அதன் மேல் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். படி இறங்கப் போகும் முன் இதைச் செய்தால் நிச்சயம் வித்தியாசம் உண்டு. முழங்கால் வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் மட்டும் சூடு வேண்டாம், ஐஸ்தான். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் சூட்டு ஒத்தடத்தில் ரொம்பக் கவனமாக இருங்கள், தோல் வெந்தாலும் தெரியாது. எருக்கம் இலை ஒத்தடம் ஒருவர் சொன்னார், அதன் பால் பட்டால் தோல் புண்ணாகும் என்று விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் நடுவில், வலியின் அளவையே மாற்றியது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடிப்பது. சீரியல் பார்த்துக்கொண்டே செய்யலாம். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் சுமை நாலு கிலோ குறைகிறது என்று 2005-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதைக் கேட்டதிலிருந்து ஆண்ட்டி கொடுக்கும் கோந்து லட்டுவை, நெய் சொட்டச் சொட்ட இருப்பதால், பாதியாகப் பிய்த்துத்தான் சாப்பிடுகிறேன். வலி மிஞ்சிய நாளில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுவேன், மாத்திரையை டாக்டர் சொன்னால் மட்டும்.

வீட்டில் ஒரே பிரச்சினை என் கணவர். ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். இஞ்சியும் மஞ்சளும் அளவு மீறினால் ரத்தக் கசிவு வரலாம், சமையலில் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அவருடைய இதய டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவருக்குச் சுக்குக் கஷாயம் கிடையாது. எனக்குக் கருப்பட்டி போட்டுக் கொதிக்கும்போது, தனக்கும் அரை டம்ளர் ஊற்றக்கூடாதா என்று இன்றும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.