டர்போ காரின் வெக்கை: ராப், பிளாங்கெட், செராமிக், பொனட் துளை – யாழ்ப்பாண வீதிக்கு எது?

பொனட்டுக்குள் சூடு குறைக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் நான்கு பேர் நான்கு பதில் சொல்வார்கள். ஒருவர் எக்ஸோஸ்ட் குழாயில் ஹீட் ராப் என்ற சூடு தாங்கும் இழை நாடாவைச் சுற்றச் சொல்வார். ஒருவர் டர்போவுக்கு, அதாவது எக்ஸோஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும் கருவிக்கு, பிளாங்கெட் என்ற சூடு தாங்கும் போர்வை போடச் சொல்வார். இன்னொருவர் செராமிக் பூச்சுத்தான் நிரந்தரம் என்பார். நான்காமவர் பொனட்டை வெட்டித் துளை வைத்தால் எல்லாம் சரி என்பார். நான்கும் ஏதோ ஓர் இடத்தில் பலன் தருபவைதான். யாழ்ப்பாணத்து ஓட்டத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காற்றுக்கும் எது பொருந்தும் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இங்கே ஓட்டம் எப்படி? அதிவேகப் பாதை தவிர்ந்த வீதிகளில் காருக்கு உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50. முகமாலை தாண்டி ஆனையிறவுப் பக்கம் போகும்போது காற்று தாராளமாக ரேடியேட்டருக்குள் போகிறது. மற்ற நேரமெல்லாம் ஆஸ்பத்திரி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் ஓட்டோவுக்கும் சைக்கிளுக்கும் பின்னால் ஊர்வதுதான் வேலை. ஏசி போட்டபடி ஊரும்போது கண்டென்சரின் சூடும் ரேடியேட்டரின் சூடும் சேர்ந்து எஞ்சின் மேலேயே வந்து விழும். பிறகு ஒரு கடை வாசலில், உச்சி வெயிலில் நிறுத்துவோம். ஃபேன் நிற்கும், கூலன்ட் பம்ப் நிற்கும், டர்போவின் சூடு மட்டும் நிற்காது. பெற்றோல் எஞ்சினில் கடும் ஓட்டத்தின்போது டர்பைனுக்குள் (டர்போவில் புகை சுழற்றும் பக்கம்) நுழையும் புகை 900 பாகை செல்சியஸ் அளவைத் தொடும். அந்த வார்ப்பிரும்புக் கூடு ஆறும் வரை அதன் வெக்கை பக்கத்து வயரிலும் ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் இறங்கிக்கொண்டே இருக்கும். வயர் உறை நொறுங்குவதும் வெற்றிடக் குழாய்கள் வெடிப்பதும் பெரும்பாலும் இந்த நின்ற நேரத்துச் சூட்டால்தான்.

அதனால் ஒவ்வொன்றையும் நான் இரண்டு கேள்வியால் அளக்கிறேன். கார் நின்ற பிறகு இது என்ன செய்கிறது? உப்புக்காற்றில் இது எத்தனை காலம் தாங்கும்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்குள்ள கார்கள் எல்லாம் வயதேறிவிட்டன. அவற்றின் வயரும் ஹோஸும் இன்னும் பல வருடம் உழைக்க வேண்டும்.

ராப்பா, பிளாங்கெட்டா?

இரண்டும் ஒரே கொள்கை: சூட்டைக் குழாய்க்குள்ளேயே வைத்துப் பின்னால் சைலன்சர் வரை அனுப்பிவிடுவது. பொனட்டுக்குள் பரவும் சூட்டில் பெரும்பங்கு கதிர்வீச்சாக வருகிறது. அது கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்காக ஏறும். ஒரு டர்பைன் கூட்டின் வெளிப்புறம் 700 பாகையில் இருக்கிறது, அதன்மேல் போட்ட பிளாங்கெட்டின் வெளிப்புறம் 250 பாகையில் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரே பரப்பிலிருந்து வரும் கதிர்வீச்சு கிட்டத்தட்ட 12 இல் ஒரு பங்காகக் குறைகிறது. இதனால்தான் சிறிய இடத்தை மூடும் பிளாங்கெட் இவ்வளவு பலன் தருகிறது. பொனட்டுக்குள் மிகச் சூடான உலோகத்தையே அது மூடுகிறது.

ராப் விலை குறைவு. கையால் சுற்றிவிடலாம், எந்தக் கராஜிலும் செய்வார்கள். அதன் குறை ஈரம். மழையிலோ வெள்ளத்திலோ நனைந்தால் நூல் தண்ணீரைக் குடித்து இரும்பின்மேல் ஈரத்துணி போலக் கிடக்கும். பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறைக்கோ, பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகருக்கோ, சங்குப்பிட்டி வழியாகப் பூநகரிக்கோ ஓடும் காரில் அந்த ஈரம் வெறும் மழைத்தண்ணீராக இருக்காது. சோளகம் வீசும் மாதங்களில் கடல்நீரேரியின் உப்புத் துமியும் அதில் சேரும். சாதாரண இரும்புக் குழாய் ராப்புக்குள் துருவி மெலிவது வெளியே தெரியாது. தெரியும் நாளில் குழாய் ஓட்டையாகியிருக்கும். மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாயில் துரு குறைவு, ஆனால் உள்ளே அடைபட்ட சூட்டால் ஒட்டு வேலை செய்த இடங்கள் வெடிக்கலாம். ஒயில் ஒழுகி ராப்பில் ஊறினால் தீ ஆபத்தும் உண்டு. சாதாரணக் கண்ணாடி இழை ராப் ஏறத்தாழ 550 பாகைக்கு மேல் நெடுநேரம் தாங்காது. டர்போவை ஒட்டிய முதல் முழத்துக்கு அதை வாங்குவது வீண். பாசோல்ட் கல் இழையில் செய்தது அதைவிடத் தாங்கும்.

பிளாங்கெட்டுக்கு ஈரப் பிரச்சினை குறைவு. டர்பைன் கூடு தடித்த வார்ப்பு. சூடேறியதும் ஈரம் ஆவியாகிவிடும், மேல்துரு வந்தாலும் ஓட்டையாகும் பயமில்லை. கழற்றிப் பார்க்கவும் முடியும், ஸ்பிரிங்கையும் ஸ்டெயின்லெஸ் கம்பியையும் அவிழ்த்தால் போதும். ஆனால் கார் நின்ற பிறகு பிளாங்கெட்டுக்குள் கூடு மெதுவாகத்தான் ஆறும். வெளியே போக முடியாத சூடு டர்போவின் சுழல்தண்டு வழியாக நடுப்பகுதித் தாங்கிக்கு நகரும். அங்கே தேங்கி நிற்கும் ஒயில் கருகிப் படிவாகும். இப்போதைய பெற்றோல் டர்போக்கள் பெரும்பாலானவற்றில் நடுப்பகுதியைச் சுற்றிக் கூலன்ட் ஓடுகிறது. எஞ்சின் நின்றாலும் சூடான கூலன்ட் மேலேறக் குளிர்ந்தது கீழே வந்து தானாகச் சுழலும். அப்படியான டர்போவுக்கு பிளாங்கெட்டைத் தயக்கமில்லாமல் சொல்வேன். ஒயிலால் மட்டும் குளிரும் பழைய டர்போவுக்குச் சொல்ல மாட்டேன். போடும்போது டர்பைன் பக்கத்தை மட்டும் மூடுங்கள். நடுப்பகுதியும், காற்றை அமுக்கும் கம்பிரஸர் பக்கமும், வேஸ்ட்கேட்டை (மிகுதிப் புகையை டர்பைனுக்குள் விடாமல் திருப்பும் கதவு) அசைக்கும் கருவியும் வெளியே இருக்க வேண்டும். முழு டர்போவையும் பொட்டலமாகக் கட்டுவது கெடுதல். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும், இந்த இழைத்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இன்னொன்று. சி-எச்ஆரின் 1.2 டர்போ, சிவிக்கின் 1.5 டர்போ போன்றவற்றில் எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் (எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுசேர்க்கும் குழாய்) சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. டர்போ நேரே ஹெட்டில் பூட்டப்பட்டிருக்கும். ராப் சுற்ற அங்கே மனிஃபோல்ட் குழாயே இல்லை. அந்தச் சூடு கூலன்டுக்குள் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செராமிக் பூச்சு

உப்பை மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம். மனிஃபோல்டையும், டர்போவிலிருந்து புகை வெளியேறும் டவுன்பைப்பையும் கழற்றி, மணல் வீசித் துடைத்து, உள்ளும் புறமும் பூசிச் சூளையில் சுட்டெடுத்தால் துரு கிட்ட வராது, ஈரத்தைப் பிடித்து வைக்கவும் மாட்டாது. வெக்கையைப் பார்த்தால் பிளாங்கெட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது. பூச்சு மிக மெல்லியது, அவ்வளவு தடிப்பில் சூட்டைத் தடுத்து நிறுத்துவதற்கு ஓர் எல்லை உண்டு. கழற்றும் கூலி, துருப்பிடித்த ஸ்டட் முறிந்தால் அதை எடுக்கும் லேத் வேலை, புதிய கேஸ்கட் எல்லாம் சேர்த்தால் செலவு பிளாங்கெட்டைப் போலப் பலமடங்கு. இதற்காகவே எஞ்சினைத் திறக்க வேண்டாம். வேறு காரணத்துக்காக டர்போவைக் கழற்றும் நாள் வந்தால் டவுன்பைப்பை மட்டும் பூசிக்கொள்ளலாம். தீவுப்பக்கம் தினமும் போய்வரும் காருக்கு அந்தச் செலவு நியாயம்.

கழற்றி எறியப்பட்ட தகடு

எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் விஷயம் இது. கம்பனி பூட்டி அனுப்பிய ஹீட் ஷீல்ட் பல கார்களில் இல்லை. போல்ட் துருவி, தகடு ஆடி, சத்தம் வந்ததும் "அது தேவையில்லாத சாமான் தம்பி, கழட்டி விட்டிட்டன்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தகடு தேவையானது. பளபளப்பான அலுமினியப் பரப்பு தன்மேல் விழும் கதிர்வீச்சில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். துருவேறிய வார்ப்பிரும்போ சூட்டைத் தாராளமாக அள்ளி வீசும். தகட்டுக்கும் கூட்டுக்கும் இடையே குறைந்தது 10 மில்லிமீற்றர் காற்று இடைவெளி இருந்தால் போதும். அந்த இடைவெளி வழியாகக் காற்று மேலேறுவதால், நின்ற பிறகும் டர்போ ஆற வழி இருக்கிறது. பிளாங்கெட்டுக்கு இல்லாத நன்மை அது. ஒயிலால் மட்டும் குளிரும் டர்போவுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். டீசல் டபுள் கேப்புகளுக்கும் இதுவே போதும், டீசல் புகை பெற்றோல் அளவுக்குச் சூடேறுவதில்லை.

பழைய தகடு கிடைக்காவிட்டால் தகர வேலை செய்பவரிடம் அலுமினியம் பூசிய இரும்புத் தகட்டில் வெட்டி எடுக்கலாம். துளையில் பெரிய வொஷர் போட்டுப் பூட்டினால் ஆடாது. வயர் கட்டுக்கும் பிரேக் குழாய்க்கும் வெப்பம் திருப்பும் உறை மாட்டுவது இதற்குத் துணையான வேலை, செலவு சொற்பம். கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டையும் பாருங்கள். ஒயில் மாற்றும்போது கழற்றியதைத் திரும்பப் பூட்டாமல் விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அது போனால், ரேடியேட்டர் வழியாக வந்து கீழே வெளியேற வேண்டிய காற்று தன் பாதையை இழக்கிறது.

பொனட் துளை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று பொனட்டின் முன்பாதியில் வேகமாக வழுக்கும்போது அங்கே அழுத்தம் குறையும், கண்ணாடியின் அடியில் அழுத்தம் கூடும். முன்பக்கம் வைத்த துளை சூட்டை உறிஞ்சி வெளியே எடுக்கும். கண்ணாடிக்கு அருகில் வைத்த துளையும், வொஷர் போட்டு பொனட்டின் பின்பக்கத்தை உயர்த்துவதும், ஓடும்போது காற்றை உள்ளே தள்ளவே கூடும். அந்த உறிஞ்சலும் வேகத்தின் வர்க்கமாக மாறுவது: 140 இல் கிடைப்பதில் கால்பங்குதான் 70 இல் கிடைக்கும். நிற்கும்போது மட்டும் சூடான காற்று மேலேற வழி கிடைப்பது உண்மையான நன்மை. அதற்காக பொனட்டை வெட்டி, டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் செய்து, ஐப்பசி கார்த்திகை மழையை நேரே இக்னிஷன் கொயில் மேல் விட வேண்டுமா? நான் விட மாட்டேன். பழைய ஜிம்னி, ஹைலக்ஸ் போலக் கம்பனியே மேலே இன்டர்கூலரும் (டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விப்பது) பொனட் வாயும் வைத்த வண்டிகள் வேறு. அவற்றில் அந்த வாயின் ரப்பர் ஓரம் கிழிந்திருந்தால் மாற்றுங்கள், காற்று இன்டர்கூலருக்குள்தான் போக வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர்

மேலே சொன்ன எதற்கும் காசு போடுமுன் ரேடியேட்டரைப் பாருங்கள். யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தோண்டப்பட்டவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் டர்போவின் கூலன்ட் வழியிலும் படியும். மனிஃபோல்ட் ஹெட்டுக்குள் இருக்கும் கார்களுக்கு இது இரட்டைத் தண்டனை, எக்ஸோஸ்ட் சூட்டையும் சேர்த்துச் சுமப்பது அந்தக் கூலன்ட்தான். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த நிலையில் 107 பாகை அளவில் கொதிக்கும், 1.1 பார் அழுத்த மூடியின் கீழ் 129 பாகை வரை தாங்கும். வெறும் தண்ணீர் விட்டு, தளர்ந்த மூடியும் போட்டால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். கலக்க வேண்டுமென்றால் பட்டரிக்கு விடும் வடித்த தண்ணீரைக் கலவுங்கள். முன்னால் கண்டென்சரின் இதழ்களுக்குள் அடைந்த உப்பையும் புழுதியையும் மெல்லிய தண்ணீரால் உள்ளிருந்து வெளியே கழுவுங்கள். இந்த வேலைக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும்.

கடைசியாக டர்போ டைமர். சாவியை எடுத்த பிறகும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுத் தண்டைக் குளிர்விக்கும் கருவி அது. பொனட்டுக்குள் இருக்கும் வெக்கையை அது குறைக்காது. பட்டணத்துக்குள் ஊர்ந்து வந்து நிறுத்தும் காருக்கு அது தேவையும் இல்லை, கடைசி ஒரு கிலோமீற்றரே டர்போவை ஆற்றிவிடுகிறது. வவுனியாவிலிருந்து நிறுத்தாமல் ஓடிவந்து கிளிநொச்சியில் தேத்தண்ணிக் கடை வாசலில் திடீரென நிறுத்தும்போது, நீங்களே ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் சரி. பிளாங்கெட் போட்ட காரில் இதைத் தவறாமல் செய்யுங்கள். பிறகு நிழலில் விட்டு பொனட்டைத் திறந்து வையுங்கள். காசு செலவில்லாமல் நின்ற நேரத்துச் சூட்டை வெளியேற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ரேடியேட்டர் மூடியை மட்டும் அப்போது தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட், மூடி திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் சீறும்.